கடல் பஞ்சு முதல் கூம்பு நத்தை வரை: வாசகர் கேள்வி – பதில்

கடல் உயிர்களில் மருந்து தேடுவது பற்றி மீனவர்கள், மாணவர்கள், நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் வலையில் கடல் பஞ்சு நிறைய மாட்டுகிறது. ரத்தப் புற்றுநோய் மருந்து அதிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். யாராவது விலைக்கு வாங்குவார்களா?
– மீனவர், ராமேஸ்வரம்

வாங்க மாட்டார்கள், ஐயா. நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை.

1945-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் எடுத்த ஒரு பஞ்சிலிருந்து வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் என்ற பொருள்களைப் பிரித்தார். டிஎன்ஏ-வின் கட்டுமானத் துண்டுகளைப் போலவே இருந்தாலும் அவற்றில் சர்க்கரைப் பகுதி மட்டும் வேறு. நம் உடல் பயன்படுத்துவது ரைபோஸ் வகைச் சர்க்கரை. பஞ்சில் இருந்தது அராபினோஸ். இந்தச் சின்ன மாற்றத்தைப் பார்த்துத்தான் சைட்டராபின் என்ற பொருளை 1959-இல் ஆய்வகத்தில் செய்தார்கள். செல் இதை அசல் என்று நம்பி டிஎன்ஏ இழையில் கோத்துக்கொள்ளும். அதற்குமேல் இழை சரியாக நீளாது. வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுச் செல்கள் அங்கே மாட்டிக்கொள்கின்றன.

1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைட்டராபின், தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுக்கு இன்றும் முதல் வரிசை மருந்து. வழக்கமான முறையில் உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை, ஏழு நாள் விடாமல் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவார்கள். ஒரே ஊசியாகப் போட்டால் உடலின் நொதி சில நிமிடங்களிலேயே அதைச் சிதைக்கத் தொடங்கிவிடும் என்பதால்தான் இந்தத் தொடர் ஏற்றம்.

ஆக, பஞ்சு கொடுத்தது வடிவம் மட்டுமே. மருந்து முழுக்க தொழிற்சாலைச் சரக்கு. வலையில் மாட்டும் பஞ்சை உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடுங்கள்.

மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் அந்த உயிரை நிறையப் பிடித்து அரைத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? எதற்கு ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி?
– வாசகர், நாகப்பட்டினம்

இந்தத் துறையின் கழுத்தைப் பிடிக்கும் கேள்வி இதுதான். கண்டுபிடிப்பதைவிட ஒரு கிராம் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

புற்றுச் செல்லைக் கொல்லும் ஹாலிகாண்ட்ரின் பி என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஹிராட்டாவும் உவெமுராவும் 1986-இல் அதை வெளியிட்டபோது 600 கிலோ பஞ்சிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 12.5 மில்லிகிராம். அதாவது 4.8 கோடியில் ஒரு பங்கு. பின்னர் நியூசிலாந்தில் ஆழ்கடல் பஞ்சு வகை ஒன்றை ஒரு டன் எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 300 மில்லிகிராம்தான் தேறியது. நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கவே கிராம் கணக்கில் வேண்டும். இப்படியே அள்ளினால் மருந்து வருவதற்கு முன் பஞ்சு அற்றுப்போகும்.

ஹார்வர்டில் கிஷியின் குழு 1992-இல் அந்த மூலக்கூறு முழுவதையும் ஆய்வகத்தில் கட்டியது. கட்டும்போது இடையில் கிடைத்த துண்டுகளைச் சோதித்ததில், மூலக்கூறின் வலப்பக்கப் பாதியே வேலை செய்கிறது என்று தெரிந்தது. அந்தப் பாதியைத் திருத்திச் செய்ததுதான் எரிபுலின். மார்பகப் புற்றுநோய்க்கு 2010-இல் அனுமதி கிடைத்தது. அப்போதும் அதைச் செய்ய அறுபதுக்கு மேற்பட்ட வேதிப் படிகள். ஒரு தடவைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் மட்டுமே தேவைப்படுவதால்தான் இவ்வளவு நீண்ட தயாரிப்பு கட்டுப்படியாகிறது. சில நூறு மில்லிகிராம் கேட்கும் மருந்தாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து வேறு வழியில் தப்பித்தது. சதுப்பு மர வேர்களில் கொத்தாக ஒட்டி வளரும் கரீபியன் அசிடியன் ஒன்றில் (தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும் உயிர்) அது கிடைத்தது. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு டன் வேண்டும். கடலில் வளர்த்தும் பார்த்தார்கள், போதவில்லை. கடைசியில் சூடோமோனாஸ் என்ற சாதாரண பாக்டீரியாவைத் தொட்டியில் நொதிக்க வைத்து, அது தரும் சாஃப்ராசின் பி-யை எடுத்து, மீதிப் படிகளை வேதியியலால் முடித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த அசிடியன் இந்தப் பொருளைச் செய்வதே இல்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா செய்கிறது. கடல் முயலில் (நத்தை இனத்து உயிர்) கிடைத்த, புற்றுச் செல்லைக் கொல்லும் டோலாஸ்டாட்டின் 10-உம் அப்படித்தான். கடல் முயல் மேயும் நீலப்பச்சைப் பாசிதான் உண்மையான சமையல்காரர். இன்று ஒரு கடல் உயிரில் புதுப் பொருள் கிடைத்தால், ‘உள்ளே யார் செய்கிறார்கள்?’ என்பதை முதலிலேயே தேடுவது இதனால்தான். பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்க்கலாம். பவளத் திட்டை வளர்க்க முடியாது.

முதுகலை ஆய்வுக்காகக் கட்டக்கோரைப் பாசியை மெத்தனாலில் ஊறவைத்து, வட்டுக்கு 5 மி.கி. சாறு வைத்தேன். ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் 11 மி.மீ. வளையம் வந்தது. ‘சிறந்த நுண்ணுயிர்க்கொல்லி’ என்று எழுதினேன். நெறியாளர் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். ஏன்?
– ஆய்வு மாணவி, தூத்துக்குடி

அவர் அடித்தது சரிதான், அம்மா. சாறு வைத்த காகித வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத இடம்தான் வளையம். வட்டின் விட்டமே 6 மி.மீ. அதைக் கழித்தால் விளிம்பைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டரை மி.மீ. அதுவும் 5 மில்லிகிராம் கொட்டிய பிறகு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. தரக்கட்டுப்பாட்டுக்கு வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகையில் அது 22 முதல் 30 மி.மீ. வளையம் தர வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே உங்கள் சாறு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

சாறு உபயோகமில்லை என்று சொல்லவில்லை. உங்கள் சோதனை அதைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்கிறோம். பழுப்புப் பாசியின் மெத்தனால் சாறில் பெரும்பகுதி உப்பும் மானிட்டால் சர்க்கரையும். மிச்சத்தில் கொழுப்பு அமிலங்கள் இருக்கும். அவை எந்தப் பாசியில் இருந்தாலும் ஸ்டெஃபைலோகாக்கஸைக் கொஞ்சம் தடுக்கும். பழுப்புப் பாசிக்கே உரிய ஃப்ளோரோடானின்களும் இருக்கும். துவர்ப்பான இவை கண்ட புரதத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, எந்தச் சோதனையிலும் ‘வேலை செய்கிறது’ என்று காட்டும். வட்டு சரியாகக் காயாமல் மெத்தனால் தங்கியிருந்தாலும் வளையம் வரும். வெறும் மெத்தனால் ஊற்றிக் காயவைத்த வட்டு ஒன்றை அதே தட்டில் வைத்தீர்களா?

மறுபடி செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். பாசியை வடிகட்டிய கடல்நீரில் அலசி, ஒட்டுப்பாசியையும் சிப்பித் துணுக்கையும் கையால் நீக்கி, கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரே ஒரு முறை சட்டென்று கழுவுங்கள். நல்ல தண்ணீரில் ஊறவிட்டால் செல் வெடித்துப் பொருள் வெளியே போய்விடும். நிழலில் உலர்த்துங்கள், 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். உலர்ந்த தூள் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் மெத்தனால், 24 மணி நேரம், இதே போல மூன்று முறை. மூன்றையும் சேர்த்துச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரியைத் தாண்டாமல் வற்றவையுங்கள்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வற்றிய சாறை 90 சதவீத மெத்தனாலில் கரைத்து, ஹெக்சேனால் மூன்று முறை குலுக்கிப் பிரியுங்கள். கொழுப்பு ஹெக்சேனோடு போகும். மெத்தனாலை வற்றவைத்து, மிச்சத்தைத் தண்ணீரில் கலக்கி எத்தில் அசிட்டேட்டால் பிரித்தால் உப்பும் மானிட்டாலும் தண்ணீரில் நின்றுவிடும். இரண்டு அடுக்கும் பிரியாமல் பால்போல் நின்றால் கொஞ்சம் சாதா உப்புக் கரைசல் சேர்த்துக் காத்திருங்கள்; வேகமாகக் குலுக்கியதுதான் காரணம். டானின் சந்தேகம் இருந்தால் எத்தில் அசிட்டேட் பகுதியைக் கரையாத பாலிவினைல் பாலிபைரோலிடோன் தூளோடு கலக்கி வடிகட்டி, முன்னும் பின்னும் சோதியுங்கள். பின்னால் வேலை மறைந்துவிட்டால் அது டானினின் வேலை.

வட்டை விட்டுவிட்டு 96 குழித் தட்டுக்கு வாருங்கள். மில்லிலிட்டருக்கு 512 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாகக் குறைத்து, குழிக்குள் பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 5 லட்சம் என்ற அளவில் இருக்கட்டும். சாறைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் ஒரு சதவீதத்துக்குள். ரெசசுரின் சாயம் (உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நிறம் மாறுவது) போடுவீர்களானால், பாக்டீரியா இல்லாமல் சாறு மட்டும் உள்ள குழி கட்டாயம். சில சாறுகள் தாங்களே சாயத்தை நிறம் மாற்றிவிடும். பச்சை, பழுப்பு நிறச் சாறுகளுக்கு ஒளி உறிஞ்சல் எண்ணை நம்பாதீர்கள்.

சுத்திகரிக்காத சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்தினால் தொடரலாம். 500-இல் நிறுத்துவதை நாங்கள் தொடர மாட்டோம். தொடருவதற்கு முன் நிறை நிறமாலை (மூலக்கூறுகளின் எடையைக் காட்டும் பதிவு) எடுத்து, ஜிஎன்பிஎஸ் போன்ற இலவசத் தரவுத்தளங்களில் ஒப்பிடுங்கள். கட்டக்கோரையில் ஆறு மாதம் உழைத்து, ஏற்கெனவே தெரிந்த ஃபுகோஸ்டெராலைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் இல்லை. கடல் மண்ணிலிருந்து ஆக்டினோமைசீட்ஸ் பிரிக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் பேசில்லஸ்தான் தட்டு முழுக்கப் படர்கிறது.
– உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்

முடியும். ஆக்டினோமைசீட்ஸ் என்பவை மருந்துப் பொருள்கள் பல தரும், மெதுவாக வளரும் பாக்டீரியா; பேசில்லஸ் வேகமாகப் படரும் வேறொரு பாக்டீரியா. பெரிய கருவி வேண்டாம், பொறுமைதான் வேண்டும். பஹாமாஸ் கடல் மண்ணில் கிடைத்த சாலினிஸ்போரா என்ற ஆக்டினோமைசீட்டைப் பிரித்ததும் இதே எளிய வழிதான். அதிலிருந்து ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ஃபெனிக்கலின் குழு எடுத்த சாலினோஸ்போரமைடு ஏ, மூளைப் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. அங்கே ஆயுளை நீட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேசில்லஸ் படர்வதற்குக் காரணம் அநேகமாக நீங்கள் செய்யும் சூடேற்றல். 60 டிகிரியில் வைத்தால் மற்ற பாக்டீரியா சாகும். பேசில்லஸின் வித்து சாகாது, உற்சாகமாக முளைக்கும். வேண்டாத பாக்டீரியாவைத் தடுக்கச் சேர்க்கும் நாலிடிக்சிக் அமிலமும் அதைத் தொடாது. எனவே மண்ணைச் சுத்தக் காற்று அறையில் ஓர் இரவு உலரவிட்டு, லேசாகப் பொடித்து, கிருமி நீக்கிய பஞ்சுத் துண்டால் தொட்டுத் தட்டின் மேல் வட்டமாக வரிசையாக அழுத்திக்கொண்டே போங்கள். மறுபடி மண்ணைத் தொடக் கூடாது. கடைசி அழுத்தல்களில் மண் துகள் அரிதாகிவிடுவதால் தனித்தனிக் கூட்டங்கள் கிடைக்கும். தண்ணீரே சேராததால் பேசில்லஸ் நீந்திப் படர வழியில்லை. தட்டின் மேற்பரப்பும் உலர்ந்திருக்க வேண்டும். ஊற்றிய அன்றே பயன்படுத்தாதீர்கள்.

பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம் சத்துக் குறைந்ததாக இருக்கட்டும். லிட்டருக்கு ஸ்டார்ச் 10 கிராம், கேசீன் 0.3 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 2 கிராம், அகார் 18 கிராம், எல்லாம் கடல்நீரில். பாஸ்பேட்டைத் தனியாக அவித்துப் பிறகு சேர்க்கவும். கடல்நீரோடு சேர்த்து அவித்தால் வெள்ளையாகப் படிந்துவிடும். பூஞ்சையைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு. அது மனிதருக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தட்டுக்கு 25 மி.லி.யாவது ஊற்றி, ஓரத்தைப் பாராஃபிலிமால் சுற்றி, 28 டிகிரியில் ஆறு வாரம் வையுங்கள். பத்தாம் நாளில் ‘ஒன்றும் வரவில்லை’ என்று கழுவிவிடுவதுதான் நடக்கும் பெரிய தவறு.

வந்த கூட்டத்தைக் கடல்நீர் ஊடகத்திலும் வாலைவடிநீர் ஊடகத்திலும் பக்கம் பக்கமாக வளர்த்துப் பாருங்கள். வாலைவடிநீரில் வளர மறுப்பதை முதலில் கையில் எடுங்கள். ஆற்றோடு அடித்துவந்த தரை மண் வகையாக அது இருக்க வாய்ப்புக் குறைவு.

கடல் அட்டை புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

வேண்டாம். அட்டையிலுள்ள சப்போனின்கள் செல்லின் சவ்வைக் கிழிப்பவை. ஆய்வகக் குப்பியில் புற்றுச் செல்லையும் கொல்லும், ரத்தச் சிவப்பணுவையும் அதே மாதிரி உடைக்கும். கடல் அட்டையிலிருந்து புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. இலங்கையில் உரிமத்தோடு பண்ணையில் வளர்ப்பது தொழில்; இந்தியாவில் 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிர், பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அக்கரையிலிருந்து உறவினருக்கு ‘மருந்து’ என்று கொடுத்தனுப்பாதீர்கள்.

கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வலி மருந்து வந்திருக்கிறதாமே? எங்கள் கரையிலும் அந்த நத்தை கிடைக்கிறது, பிள்ளைகள் ஓட்டைப் பொறுக்குகிறார்கள்.
– வாசகர், கீழக்கரை

முதலில் பிள்ளைகள். உயிருள்ள கூம்பு நத்தையைக் கையில் எடுக்கக் கூடாது. அகன்ற பக்கம் பிடித்தால் ஆபத்தில்லை என்பது தவறு. அதன் குழல் நீண்டு வளைந்து எந்தப் பக்கமும் எட்டும், பல்லே ஈட்டி. மெல்லிய கையுறையையும் சட்டைப் பையையும் தாண்டிக் குத்தும். குத்திய இடம் மரத்துப்போய், உதடு மரத்து, பார்வை இரட்டித்து, பிறகு மூச்சுத் தசை ஓயும். விஷமுறிவு மருந்து கிடையாது. கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ பட்டித்துணியால் சுளுக்குக்குக் கட்டுகிற இறுக்கத்தில் முழு நீளமும் சுற்றி, அசையாமல் வைத்து, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் ஊதிக்கொண்டே போக வேண்டும். விஷம் அடங்கும்வரை மூச்சைக் காப்பாற்றினால் ஆள் பிழைக்கலாம்.

மருந்து பற்றி: பிலிப்பீன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவெரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இந்த விஷங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அவரிடம் வந்த மைக்கேல் மெக்கின்டோஷ் என்ற இளைஞர் பிரித்த பெப்டைடுதான், 25 அமினோ அமிலம் நீளமுள்ள சிக்கோனோடைடு. கோனஸ் மேகஸ் என்ற மீன் தின்னி நத்தையுடையது. முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் கால்சிய வாயிலை அது அடைக்கிறது. மார்ஃபினைப் போல அடிமையாக்குவதில்லை. 2004-இல் அனுமதி பெற்றது.

மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதைச் சாதாரணப் புரதமாகச் செரித்துவிடும். நரம்பில் போட்டால் மூளைக்கும் தண்டுக்கும் போதிய அளவு போய்ச் சேராது, ரத்த அழுத்தம் விழும். அதனால் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பைப் பதித்து, முதுகுத்தண்டு நீருக்குள் நேரடியாகச் செலுத்துகிறார்கள். தொடக்க அளவு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வரைதான். அவசரப்பட்டு ஏற்றினால் குழப்பமும் மாயத் தோற்றங்களும் வரும். மனநோய் வரலாறு உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. மற்ற எதற்கும் மசியாத கடும் வலிக்கு மட்டுமே இது. முழுக்க ஆய்வகத்தில் செய்வது என்பதால் நத்தை எதுவும் சாவதில்லை.

டாக்டர் ட்ரைகிளிசரைடுக்கு ஒமேகா 3 எழுதினார், விலை அதிகம். கடையில் விற்கும் 1000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரை அதற்குச் சமம்தானே?
– வாசகி, மதுரை

இல்லை. அட்டையின் பின்பக்கம் சிறு எழுத்தைப் பாருங்கள். 1000 மி.கி. என்பது எண்ணெயின் எடை. அதில் ஒமேகா 3 வகைகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்றிருந்தால் வேலை செய்யும் பொருள் 300 மி.கி.தான். மருந்தாக அனுமதி பெற்ற எத்தில் எஸ்டர் மாத்திரை ஒன்றில் சுமார் 840 மி.கி.; நாளுக்கு நான்கு. அந்த அளவைக் கடை மாத்திரையில் எட்ட நாளுக்குப் பதினொன்று விழுங்க வேண்டும், கூடவே தேவையில்லாத கொழுப்பும் சேரும். கணக்குப் போட்டால் எது மலிவு என்பதும் மாறலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவரானால் டாக்டரிடம் சொல்லாமல் இரண்டையும் தொடாதீர்கள்.

மன்னார் வளைகுடாவில் மாதிரி எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– ஆய்வு மாணவர், ராமநாதபுரம்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றுக்கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் ஒரு பாசித் துண்டு எடுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். பூங்காவுக்கு வெளியிலும் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினச் சட்டத்தில் வருகின்றன. வலையில் செத்து வந்தது என்பது சமாதானம் ஆகாது. பிறகு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. காப்புரிமை கேட்பதானால் அது கிடைப்பதற்கு முன் சென்னை தரமணியிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மாதிரியையோ முடிவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் அதற்கு முன்பே அவர்களைக் கேளுங்கள். நண்பர் மூலம் பெட்டியில் போட்டு அனுப்பிய மாதிரியால் பின்னால் காப்புரிமையே சிக்கிக்கொள்ளும்.

எடுக்கும் அன்றே இடத்தின் ஆள்கூறு, ஆழம், தேதி, உயிரோடிருந்தபோது எடுத்த படம், அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு துண்டு எல்லாம் தயாராக வேண்டும். இனம் எது என்ற கேள்வி இரண்டு வருடம் கழித்துத்தான் வரும். அப்போது தூளைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. புட்டியின் வெளியே பேனாவால் எழுதாதீர்கள், எத்தனால் பட்டால் மை கரைந்துவிடும். தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள்.